படச்சுருளுக்குக் காயமில்லை: கணபதிப் பக்கம் ஒரு புரொஜெக்டர் பட்டறை

பழைய புரொஜெக்டரைச் சரிசெய்து தருபவரை எடைபோட என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு. அவர் கையிலிருந்து திரும்பி வந்த இயந்திரத்தில் ஒரு படச்சுருளை முழுவதும் ஓட்டவேண்டும். பிறகு அந்தச் சுருளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவேண்டும். ஓரத் துளைகள் விரிந்திருக்கின்றனவா, நடுவே புதிதாகக் கோடு விழுந்திருக்கிறதா, ஒட்டுப்போட்ட இடங்கள் பிரிந்திருக்கின்றனவா? விளக்கு எரிவதும் மோட்டார் சுற்றுவதும் புதுப் பெயின்ட் மின்னுவதும் இதற்குப் பிறகுதான். உடைந்த பாகத்தை இன்னொரு முறை கடைந்துகொள்ளலாம். கிழிந்து கீறல் விழுந்த பிலிம் போனது போனதுதான்.

கோயம்புத்தூரில் சத்தி ரோட்டை ஒட்டி, கணபதிப் பக்கம் இருக்கும் ஒரு லேத் பட்டறை இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கியது. ஒலியிலும் காலக்கெடுவிலும் எனக்குக் குறைகள் உண்டு. அவற்றையும் எழுதுகிறேன். ஆனாலும் வீட்டில் பழைய படம் ஓட்ட ஆசைப்படும் யாரும் இந்தப் பட்டறையைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்றே நினைக்கிறேன்.

என்னுடையது பெல் அண்ட் ஹோவெல் 16 மி.மீ. ஒலிப்பட புரொஜெக்டர். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் நான் இயற்பியல் ஆசிரியையாக இருந்த பள்ளியில், பயன்படாத தளவாடங்களை ஏலம் விட்டபோது எடுத்தேன். ஒருகாலத்தில் அதில் பிலிம்ஸ் டிவிஷன் படங்கள் ஓடியிருக்கின்றன. 1948இல் மத்திய அரசு தொடங்கிய அந்த நிறுவனத்தின் படங்கள் திரையரங்குகளுக்கு 35 மி.மீ. பிரதியாகப் போகும், வேனில் ஊர் ஊராகப் போய்க் காட்டுபவர்களுக்கு 16 மி.மீ. பிரதியாக வரும். வீடியோ வந்தபின் இந்த இயந்திரத்தை யாரும் தேடவில்லை. ஆய்வக அலமாரியின் அடித்தட்டில் பல ஆண்டுகள் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் அதில் தெரிந்த கோளாறு இது: சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுற்றியது, விளக்கு எரிந்தது, பிலிமைக் கீழே இழுக்கும் கொக்கி ஒழுங்காக மேலும் கீழும் போய்வந்தது. ஆனால் பிலிமை உள்ளே தள்ளும் மேல் பல்சக்கரமும் வெளியே எடுக்கும் கீழ் பல்சக்கரமும் நின்று நின்று சுற்றின. இப்படி ஒரு நிலையில் படம் ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. சக்கரம் பிலிமைக் கொடுக்காது, கொக்கியோ இழுத்துக்கொண்டே இருக்கும். இடையில் தளர்வாக விட்டிருக்கும் லூப் மறைந்துபோய், துளைகள் வரிசையாகக் கிழியும். நல்லவேளையாக என் சின்ன மாமா அன்று வீட்டில் இருந்தார். அம்மாவின் தம்பியான அவர், பவானி, அந்தியூர் வட்டாரத்து டூரிங் டாக்கீஸ்களில் ஆப்பரேட்டராக வேலைபார்த்தவர். கையால் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்ணு, இதில் பிலிமை மாட்டாதே. உள்ளே வார்ம் கியர் போயிருக்கிறது" என்றார்.

பெல் அண்ட் ஹோவெல் நிறுவனத்தின் பிற்கால 16 மி.மீ. இயந்திரங்களுக்கு இது உலகம் முழுவதும் தெரிந்த நோய். பிலிம் நகரும்போது வெளிச்சத்தை மறைக்கும் ஷட்டரும் கொக்கியை ஆட்டும் கேமும் இருக்கிற தண்டிலேயே, திருகுபோல் மரை சுற்றிய ஒரு பிளாஸ்டிக் வார்ம் கியர் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் பல்சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஆண்டுகள் போகப் போகப் பிளாஸ்டிக் சுருங்கும், உள்ளே இருக்கும் எஃகுத் தண்டு சுருங்காது. கடைசியில் பிளாஸ்டிக் விரிசல் விட்டுப் பிளந்துவிடும். இயந்திரத்தை ஒருநாளும் ஓட்டாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் இது நடக்கும். ஆகவே பழைய பொருள் விற்பவர் "அதிகம் ஓடாத மெஷின்" என்று சொன்னால் அதை ஓர் உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் நகருக்குள் ஒரு கடையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். எல்லா இடத்திலும் புதுக் கிரீஸை அப்பி, கேட்டை எமரி பேப்பரால் தேய்க்கப் போனார்கள். மாமா கையைப் பிடித்துத் தடுத்து இயந்திரத்தை எடுத்து வந்துவிட்டார். கேட் என்பது பிலிம் உரசிக்கொண்டு போகிற பாதை. அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு இருந்தாலும், போகிற ஒவ்வொரு படத்திலும் முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை கோடு விழும். அதன்பின்தான் மாமாவுக்குத் தெரிந்த பழைய தியேட்டர்க்காரர் ஒருவர் கணபதிக்கு வழி சொன்னார்.

கோபியிலிருந்து போகிறவர்களுக்கு இது எளிது. சத்தியமங்கலம், புளியம்பட்டி, அன்னூர் வழியாக வரும் பஸ் கணபதியைத் தாண்டித்தான் காந்திபுரம் போகிறது. பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. இரண்டு லேத்துகள், ஒரு மில்லிங் மெஷின், ஒரு டிரில்லிங் மெஷின், சுவர் முழுக்கப் பழைய பெல்ட்டுகள். பிழைப்புக்கான வேலை பம்ப்செட் பாகங்களும் மில் உதிரிகளும்தான். பின்னறையில், தூசி வராமல் கதவடைத்து, புரொஜெக்டர் வேலை நடக்கிறது. உரிமையாளர் அறுபதைக் கடந்தவர். நூற்பாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து, பின்னர் ஈரோடு, திருப்பூர் வரை தியேட்டர் இயந்திரங்களுக்குக் கியரும் புஷ்ஷும் கடைந்து கொடுத்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார்.

இந்த வேலைக்குக் கோவையைவிடப் பொருத்தமான ஊர் நம் பக்கத்தில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படங்களும் வாங்கி ஊர் ஊராகக் காட்டி, 1914இல் இங்கே வெரைட்டி ஹாலைக் கட்டினார். அந்தச் சாலை இன்றும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. 1935இல் சென்ட்ரல் ஸ்டூடியோ, 1945இல் பட்சிராஜா ஸ்டூடியோ என்று படம் எடுக்கும் இடமாகவும் இந்த ஊர் இருந்தது. இந்தப் பெருமையை எல்லாரும் பேசுகிறோம். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் பெருகியபின், மோட்டாருக்குக் காயில் கட்டத் தெரிந்தவர், சின்னக் கியர் வெட்டத் தெரிந்தவர், பேரிங்கின் சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்பவர் என ஒரு பெரிய கூட்டமே இங்கே உருவாகிவிட்டது. புரொஜெக்டர் என்பது பாதி மில் இயந்திரம்தான். நூல் அறுபடாமல் ஓடவேண்டும் என்கிற கவலையில் வளர்ந்த கைக்குப் பிலிம் அறுபடாமல் ஓட்டுவது புதிதல்ல.

அண்ணா இயந்திரத்தை உடனே பிரிக்கவில்லை. "ஓட்டப்போகிற பிலிமைக் கொண்டு வந்தீர்களா, டீச்சர்?" என்று கேட்டார். என் பையில் இரண்டு தகர டப்பாக்கள் இருந்தன. மூடியைத் திறந்து முதலில் முகர்ந்து பார்த்தார். ஒன்றில் ஒன்றுமில்லை. மற்றதில் லேசாகக் காடி நெடி. அசிடேட் பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் சிதையத் தொடங்கும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது. அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் நல்ல சுருள்களின் சிதைவையும் விரைவுபடுத்தும். அந்த டப்பாவை உடனே வெளித்திண்ணையில் வைக்கச் சொல்லிவிட்டார். பிறகு நல்ல சுருளிலிருந்து ஒரு முழம் உருவி, புதிய பிலிம் துண்டு ஒன்றின்மேல் வைத்து, துளைக்குத் துளை நேராக இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டே போனார். பழைய பிலிம் சுருங்கும். அதிகம் சுருங்கியிருந்தால் எவ்வளவு நல்ல இயந்திரத்திலும் பல்லும் துளையும் ஒத்துப்போகாது. அப்படிப்பட்ட சுருளை ஓட்டவே கூடாது என்பார். வந்தவுடன் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காமல் பிலிமைக் கேட்ட அந்த ஒரு நிமிடத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

வார்ம் கியர் விஷயத்தில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. மாமா பித்தளையில் கடையச் சொன்னார், தலைமுறைக்கும் நிற்கும் என்று. அண்ணா மறுத்துவிட்டார். அந்த வார்மோடு சேர்ந்து ஓடவேண்டிய மற்ற கியர்கள் மென்மையானவை, அவை இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன. கடினமான வார்மைப் போட்டால் அது நிற்கும், அவை தேயும் என்பது அவர் வாதம். டெல்ரின் என்கிற உறுதியான பிளாஸ்டிக் ராடில் கடைந்தார். தண்டில் இறுக்கி ஏற்றாமல், உள்விட்டத்தைச் சற்றுத் தளர்வாக விட்டு, நடுவே ஓர் உலோக புஷ் வைத்து, பின் அடித்துப் பூட்டினார். பழைய கியர் பிளந்ததற்குக் காரணமே அந்த இறுக்கம்தானே. புதியதில் அந்தக் காரணத்தையே எடுத்துவிட்டார். உதிரிப் பாகம் செய்பவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த இடத்தில்தான் கண்டேன்.

கியரை மாற்ற ஷட்டர், கேம் எல்லாவற்றையும் கழற்றவேண்டும். திரும்பப் பூட்டும்போது ஷட்டர் மூடியிருக்கும் நேரமும் கொக்கி பிலிமை இழுக்கும் நேரமும் மிகச் சரியாக ஒத்துப்போகவேண்டும். பிலிம் நகரும்போது இமையளவு வெளிச்சம் கசிந்தாலும் திரையில் வெள்ளை எழுத்துகளுக்கு மேலேயோ கீழேயோ வால் முளைக்கும். படத்தின் பெயர்ப்பட்டியல் வரும் இடத்தைப் போட்டு, அண்ணா ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். 'ழ'வின் கால் சுத்தமாக முடியும்வரை விடவில்லை.

இருந்த கிரீஸ் முழுவதும் மெழுகாக இறுகியிருந்தது. அதை வழித்து, கழுவி, மோட்டாருக்குப் பேரிங் மாற்றி, வீங்கிப்போயிருந்த கன்டென்சரையும் மாற்றினார். மோட்டார் காயில் நன்றாக இருந்ததால் அதைத் தொடவில்லை. "கெடாததைக் கட்டக்கூடாதுங்க" என்றார். ரப்பர் பெல்ட் பிசுபிசுத்துப் போயிருந்தது. அதற்குப் பதில், ஜவுளி இயந்திரங்களுக்குப் பயன்படும் உருண்டை பாலியூரித்தேன் கயிற்றை அளவாக வெட்டி, இரு முனைகளையும் சூடாக்கி ஒட்டினார். ஒட்டு மேடு தட்டாமல் இருக்க அதைச் சீவிவிட்டார். கேட்டில் படிந்திருந்த பழைய பிலிம் பூச்சை மூங்கில் சிம்பால் சுரண்டி எடுத்தார். உலோகம் அந்தப் பக்கமே போகவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வேலை, யார் கண்ணிலும் படாத ஒன்று. இரண்டு முள் ஒயரை எடுத்துவிட்டு, உடம்போடு எர்த் இணைத்து மூன்று முள் பிளக் போட்டுத் தந்தார். உலோகப் பெட்டி, பழைய ஒயர், இருட்டில் சுற்றி நிற்கும் குழந்தைகள். வேறு எதையும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் செய்யாமல் வீட்டில் யாரும் பழைய புரொஜெக்டரை இயக்கவேண்டாம்.

எல்லாம் முடிந்தபின் கறுப்பு பிலிமில் ஒரு சிறு வளையம் ஒட்டி, அதை ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓடவிட்டார். ஒரே துண்டு திரும்பத் திரும்பக் கேட்டுக்குள் போய்வருகிறது. ஒரு சுருள் ஆயுள் முழுவதும் படுகிற உரசலை அது ஒரே மாலையில் படுகிறது. பிறகு அதை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். கறுப்பில் கீறல் விழுந்தால் வெள்ளி இழையாகத் தெரியும். ஒன்றும் இல்லை. துளைகளை உருப்பெருக்கியில் காட்டினார். ஓரங்கள் கூர்மையாக இருந்தன. வீட்டுக்கு வந்தபின் என் சொந்தச் சுருளிலும் சோதித்தேன், அப்படியே.

இப்போது குறைகள். ஒலிப் பகுதியில் அவருக்குப் போதிய கைப்பழக்கம் இல்லை. பிலிமின் ஓரத்தில் இருக்கும் ஒலித்தடத்தின் ஊடாக எக்ஸைட்டர் பல்பின் மெல்லிய வெளிச்சக் கீற்று போய்ப் போட்டோசெல்லில் விழுகிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் ஒலியாகிறது. பல்பே துடித்தால் அந்தத் துடிப்பும் ஒலியாகும். பழைய மின்சுற்று கெட்டிருந்ததால் அவர் அந்தப் பல்புக்கு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நேராக ஏ.சி. கொடுத்திருந்தார். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் இழை இரண்டுமுறை சூடேறும். ஆக 100 ஹெர்ட்ஸில் ஓர் உறுமல், எல்லா வசனத்துக்கும் அடியில். சொன்னபோது "பழைய மெஷின் என்றால் அப்படித்தான் இருக்குமுங்க" என்றார். அதை நான் ஏற்கவில்லை. கோபியில் ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் 4 வோல்ட் டி.சி. சப்ளை ஒன்றைச் செய்து மாட்டினேன். உறுமல் நின்றது. உங்கள் இயந்திரத்தைக் கொடுக்கும்போது எக்ஸைட்டர் பல்புக்கு டி.சி. வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் உதடும் குரலும் பொருந்துவதில் அவர் குறைவைக்கவில்லை. 16 மி.மீ. பிலிமில் ஒரு காட்சிக்குரிய ஒலி, அந்தப் படத்துக்கு 26 சட்டம் (ஃபிரேம்) முன்னால் அச்சாகியிருக்கும். ஒரு நொடிக்குச் சற்று அதிகமான தூரம். கீழ் லூப் பெரிதானாலோ சிறிதானாலோ அந்தக் கணக்கு குலைந்துவிடும். லூப் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதை உட்பக்கத்தில் சின்னக் கோடாகக் கீறித் தந்திருக்கிறார். இனி யார் மாட்டினாலும் சரியாக வரும்.

காலக்கெடு அடுத்த குறை. ஆடிப்பெருக்கை ஒட்டிக் கொடுத்தேன், கார்த்திகை தீபத்தை ஒட்டித்தான் கைக்கு வந்தது. பம்ப்செட் வேலை வந்தால் புரொஜெக்டர் நின்றுவிடும். தண்ணீரில்லாமல் பயிர் காத்திருக்காது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அதைத் தேதி சொல்லும்போதே சொல்லியிருக்கலாம். போன் செய்தால் லேத் சத்தத்தில் எடுப்பதில்லை. நேரில் போனால் மட்டுமே பதில்.

செலவு 16,000 ரூபாய்க்குச் சற்று மேல். அதில் பெரும்பகுதி வார்ம் கியருக்கும் அதை மாற்றிய கூலிக்கும். அச்சடித்த பில் கிடையாது. நோட்டுப் புத்தகத்தில் எழுதிய பட்டியலைக் கிழித்துத் தந்தார். ஆனால் கழற்றிய ஒவ்வொரு பழைய பாகத்தையும், பிளந்த வார்மையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். எது மாறியது, எது மாறவில்லை என்பதற்கு அதைவிட நல்ல ரசீது எனக்குத் தேவைப்படவில்லை. பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். பள்ளியின் சரக்கு எண் வெள்ளை எழுத்தில் பக்கவாட்டில் அப்படியே இருக்கிறது.

விளக்கைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். என் இயந்திரத்துக்கு 24 வோல்ட், 250 வாட் ஹாலஜன் பல்பு. தேடினால் இன்னும் கிடைக்கிறது. விரலால் தொடாமல் துணியால் பிடித்து மாட்டவேண்டும். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் கண்ணாடி கெட்டுவிடும். எல்.இ.டி.க்கு மாற்றலாமே என்று நானும் கேட்டேன். அண்ணா ஒரு முறை முயன்று பார்த்திருக்கிறார். சின்னப் புள்ளியிலிருந்து செறிவாக வரும் வெளிச்சம் வேண்டும். மலிவான எல்.இ.டி. சப்ளைகள் வெளிச்சத்தைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வெட்டி வெட்டிக் கொடுக்கும். அந்த வெட்டும் ஷட்டரின் வெட்டும் மோதினால் திரை முழுவதும் அலையடிக்கும். ஆகவே அவர் செய்வதில்லை. பல்பின் மின்னழுத்தத்தை ஒரு படி குறைத்து வைத்திருக்கிறார். வெளிச்சம் சற்றுக் குறையும், பல்பின் ஆயுள் நன்றாகக் கூடும். எங்கள் வீட்டுக்கு அது தாராளம்.

வீட்டில் ஓட்டுபவர்கள் வாங்குமுன் லென்ஸைக் கவனிக்கவேண்டும். இந்த இயந்திரங்களோடு பொதுவாக வருவது 50 மி.மீ. லென்ஸ். அது பள்ளிக் கூடத்துக்கானது. 15 அடி நீள அறையில் அதை வைத்தால் மூன்றடிக்கும் குறைவான அகலத்தில்தான் படம் விழும். 38 மி.மீ. லென்ஸ் என்றால் அதே இடத்தில் நாலடிக்கு நெருங்கும். எங்களுடையது பழைய தொட்டிக்கட்டு வீடு. வாசலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 25 அடி கிடைக்கிறது. 50 மி.மீ. லென்ஸிலேயே ஏறத்தாழ ஐந்தடி அகலப் படம். பத்துப் பன்னிரண்டு பேர் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கலாம். லென்ஸுக்குள் பூஞ்சை வலை பின்னியிருந்தது. அதைப் பிரித்துத் துடைத்துத் தந்தார். ஒரு கண்ணாடியின் ஓரத்தில் பூச்சு அரித்துப்போன தடம் மட்டும் போகவில்லை. படத்தில் அது தெரிவதில்லை.

பட்டறையில் நான் பார்த்த இன்னொரு வேலையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் பலருக்கு அமெரிக்காவில் உறவினர் இருக்கிறார்கள், அங்கிருந்து புரொஜெக்டர் வருகிறது. 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. அங்கே மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி. இண்டக்‌ஷன் மோட்டார் நம் 50 சுழற்சியில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 24 சட்டம் ஓடவேண்டிய இடத்தில் 20 ஓடும். பெண் குரல் ஆண் குரலாகும், 11 நிமிடத்தில் முடியவேண்டிய 400 அடிச் சுருள் 13 நிமிடம் தாண்டும். ஜப்பான் நாட்டு எய்க்கி இயந்திரம் ஒன்றுக்கு அண்ணா மோட்டார் புல்லியை ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகக் கடைந்து கொடுத்ததைப் பார்த்தேன். வேகம் சரியாக வந்துவிட்டது. எலக்ட்ரானிக்ஸ் ஏதும் தேவைப்படவில்லை.

35 மி.மீ. ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. திரையரங்குகள் டிஜிட்டலுக்கு மாறியபோது பெரிய இயந்திரங்கள் இரும்பு எடைக்குப் போயின. பிலிம் ஓடும் மேற்பகுதியான ஹெட்டுகள் இரண்டு இந்தப் பட்டறையிலும் நிற்கின்றன. பிலிமைச் சட்டம் சட்டமாக நகர்த்தும், எண்ணெய்க்குள் சுழலும் மால்டா கிராஸ் அமைப்பைக் கையால் திருப்பிப் பார்த்தபோது மாமா வெகுநேரம் அதைவிட்டு நகரவில்லை. வெளிச்சத்துக்காக எரியும் கார்பன் குச்சிகளைச் சிறிது சிறிதாக நெருக்கிக்கொண்டே படம் ஓட்டியவர் அவர். ஆனால் கார்பன் ஆர்க்கின் புகைக்குக் கூரைக்கு மேல் போகும் குழாய் வேண்டும். ஸீனான் விளக்கோ அணைந்திருக்கும்போதும் உள்ளே அழுத்தத்தோடு இருக்கும், தவறாகக் கையாண்டால் வெடிக்கும். வீட்டுக்கு இரண்டும் ஆகாது. 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய 35 மி.மீ. சுருள் கையில் கிடைத்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அது நைட்ரேட்டாக இருக்கலாம்; பற்றிக்கொண்டால் தண்ணீராலும் அணையாது. அதை ஓட்டுவதும் வீட்டில் வைத்திருப்பதும் ஆபத்து. புனேயில் 1964 முதல் இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். 1923இல் 16 மி.மீ. பிலிமைக் கோடக் கொண்டுவந்தபோதே தீப்பற்றாத அடித்தளத்தில்தான் கொண்டுவந்தது, வீட்டையும் பள்ளியையும் மனத்தில் வைத்து.

அந்த 35 மி.மீ. ஹெட்டுகளுக்கு வேறொரு வாடிக்கையாளர் கூட்டம் இருக்கிறது. உள்ளே இருப்பதைப் பிடுங்கிவிட்டு, தங்க நிறம் அடித்து, லென்ஸ் இருந்த இடத்தில் பல்பு வைத்து, வரவேற்பறை விளக்காக்கிக் கேட்கிறார்கள். அண்ணாவும் செய்து தருகிறார். அந்த வருமானத்தில்தான் பின்னறை நடக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் பிழைப்பில் நான் தலையிட முடியாது. ஆனால் ஓடக்கூடிய ஓர் ஹெட்டை விளக்காக்குவது எனக்கு வலிக்கிறது. வாங்குபவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: உடைந்ததைக் கேளுங்கள், ஓடுவதை விட்டுவையுங்கள். இதை அவரிடமும் சொன்னேன். இனி ஓடாதவற்றை மட்டுமே அந்த வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போது என் இயந்திரத்தில் பெரும்பாலும் ஓடுவது பழைய ஆவணப்படங்களும் பாடப் படங்களும்தான். கறுப்பு வெள்ளைச் சுருள்கள் புதிதாக இருக்கின்றன. வண்ணச் சுருள்கள் பல, நீலமும் பச்சையும் வெளிறி, செம்மை மட்டும் மிஞ்சி நிற்கின்றன. அது இயந்திரத்தின் குறையல்ல; அந்தக் காலத்து வண்ணச் சாயத்தின் இயல்பு. அணைக்கட்டுப் படம் ஒன்றில் ஆறு இளஞ்சிவப்பாக ஓடுகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அதையும் இரண்டாம் முறை போடச் சொல்லிக் கேட்கிறார்கள்.

போக விரும்புகிறவர்கள் ஞாயிறு தவிர்த்து, காலையில் போங்கள். உழவு தொடங்கும் பருவத்தைத் தவிர்ப்பது நல்லது. கணபதி பஸ் நிறுத்தத்தில் இறங்கி, சினிமா மெஷின் பார்க்கிற லேத் பட்டறை எது என்று எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். கையில் ஓட்டப்போகிற பிலிமில் ஒரு சுருளாவது இருக்கட்டும். அது இல்லாமல் போனால் இயந்திரத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பிலிமோடு வரச் சொல்லி அனுப்பிவிடுவார்.